ரீம் ஏன் திரும்பி ஓடியது

ரீம் பந்தயத்தின் பாதியில் நின்று, திரும்பி, வந்த வழியே ஓடியதை நான் கைப்பேசியில்தான் பார்த்தேன். அனுப்பியவள் என் நாத்தனார். கூடவே சிரிக்கும் பொம்மை முகங்கள் ஏழெட்டு. அடுப்பை அணைக்காமல் வந்துவிட்டோமே என்று ஒட்டகத்துக்கு ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று கீழே எழுதியிருந்தாள். எனக்கு ஒரு கெட்டது நடந்தால் முதலில் சேதி சொல்கிறவள் அவள்தான். நல்லது நடந்தால் அவள் கைப்பேசியில் சார்ஜ் இருக்காது.

அந்த வீடியோவில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. தடத்தின் இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கூடப் போகின்றன. ஒட்டகங்கள் கழுத்தை நீட்டி ஓடுகின்றன. ரீம் முன்வரிசையில் இருக்கிறது. வளைவு வந்ததும் சட்டென்று நிற்கிறது. முதுகில் கட்டியிருக்கும் பொம்மை அளவு எந்திரச் சவாரிக்காரன் மட்டும் சாட்டையைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறான். அவனுக்கு என்ன தெரியும், பாவம். ரீம் அரைச்சுற்றுச் சுற்றி, பின்னால் வரும் ஒட்டகங்களுக்கு நடுவில் புகுந்து, கிளம்பிய இடத்தைப் பார்த்து ஓடுகிறது. வேகத்தில் ஒரு குறையும் இல்லை. திசைதான் தப்பு.

அந்த வண்டிகளில் ஒன்றில் என் புருஷன் முஸல்லம் இருந்தார். ரீமைப் பழக்கியவர் அவர். வண்டியை ஓட்டியவர் ஒட்டகத்தின் சொந்தக்காரர் பூ கானிம். பூ கானிம் என்றால் கானிமின் அப்பா, எங்கள் பக்கத்தில் ஆண்களைப் பிள்ளை பேரால்தான் கூப்பிடுவோம். பின்னிருக்கையில் ஓமான் எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த பெரிய விருந்தாளிகள். பூ கானிம் ரேடியோவை அணைத்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றினாராம். முஸல்லம் வீட்டுக்கு வந்து இதை மட்டும்தான் சொன்னார். நான் வைத்த சோற்றைத் தொடவில்லை.

ரீமின் கதையை ஜப்பாராவிலிருந்து தொடங்க வேண்டும். பூ கானிமிடம் இருந்த ஒட்டகங்களில் அதுதான் ராணி. ஓமானில் அதை ஜெயிக்க ஒன்று பிறக்கவில்லை என்பார்கள். அது வயிறு வீங்கிச் செத்தபோது பூ கானிம் மூன்று நாள் மஜ்லிஸில், ஆண்கள் கூடும் வரவேற்பறையில், உட்கார்ந்து, துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குக் காப்பி ஊற்றினார். சொந்தத் தம்பி செத்தபோதுகூட இரண்டாம் நாளே பந்தயத்துக்குப் போனவர். புதைப்பதற்கு முன்னால் ஜப்பாராவின் காதிலிருந்து ஒரு துண்டுத் தோலை வெட்டி, பனிக்கட்டிக்குள் வைத்து எல்லை தாண்டி அனுப்பினார். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் அதிலிருந்து இரண்டு கரு உண்டாக்கி இரண்டு வாடகைத் தாய்களின் வயிற்றில் வைத்தார்கள். வந்தவைதான் நஜ்லாவும் ரீமும். செத்துப்போன ஒரே ஒட்டகத்தின் இரண்டு நகல்கள்.

எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது பூ கானிமின் கட்டளை. வாடகைத் தாய்கள் இரண்டும் ஒரே மந்தை. ஒரே பட்டி. ஒரே பார்லி, ஒரே பேரீச்சம்பழம், ஒரே தேன். பழக்குவதற்கு ஒரே ஆள். முஸல்லம் இதைக் கட்டளையாக எடுத்துக்கொள்ளவில்லை, தொழுகை மாதிரி எடுத்துக்கொண்டார். குட்டிகளுக்குப் போர்த்திய கம்பளிகள்கூட ஒரே கடையில் வாங்கியவை. ஒரு கம்பளியில் நூல் பிரிந்திருந்தது என்று இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். என் பிரசவத்துக்கு இவ்வளவு அக்கறை காட்டியிருந்தால் நான் மகாராணி.

ஆனாலும் இரண்டும் ஒன்றாக இல்லை. கண் இருக்கிற யாருக்கும் அது தெரிந்தது. நஜ்லாவுக்கு முன்கால் முட்டிக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு இருந்தது, ரீமுக்கு இல்லை. காற்றில் பறந்து வரும் பிளாஸ்டிக் பையைப் பார்த்தால் ரீம் நாலு காலும் தூக்கிக் குதிக்கும். நஜ்லா அந்தப் பையைத் தின்றுவிடும். குட்டியாக இருந்தபோது இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். நஜ்லா இரண்டு பந்தயம் ஜெயித்தது. அடுத்தது ரீமின் முறை என்று பூ கானிம் விருந்தாளிகளை அழைத்தார். சிரிப்பு அத்தோடு நின்றது.

முதலில் வந்த பேச்சு, குட்டி மாறிவிட்டது என்பதுதான். ரீம் ஜப்பாராவின் நகலே இல்லை, முஸல்லம் நடுவில் யாருக்கோ விற்றுவிட்டு வேறு குட்டியைக் கட்டிவிட்டார் என்று திடலில் பேசிக்கொண்டார்கள். முஸல்லம் தானே போய்ப் பூ கானிமின் முன்னால் நின்று, ரத்தம் எடுத்துச் சோதித்துப் பாருங்கள் என்று கெஞ்சினார். ரத்தத்தை எடுத்தவர் ஊர் கால்நடை மருத்துவமனையின் டாக்டர் அத்தாயிப், சூடான்காரர். முடிவு வருகிற வரைக்கும் முஸல்லம் பக்ரீதுக்குக் காத்திருக்கும் குழந்தைபோல இருந்தார். முடிவு வந்தது. ரீம், நஜ்லா, ஜப்பாரா மூன்றும் ஒரே ரத்தம், இம்மியும் வித்தியாசமில்லை. அன்றைக்கு நாங்கள் ஓர் ஆட்டை அறுத்தோம். என் நாத்தனாருக்கும் ஒரு தட்டு அனுப்பினேன், நிறைய கொழுப்பாகப் பார்த்து.

மறுநாள் பூ கானிம் கூப்பிட்டனுப்பினார். மரியாதையாகத்தான் பேசினாராம். தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தாராம். மூன்றாவது கோப்பையும் குடித்த பிறகு சொன்னாராம்:

"ரத்தம் ஒண்ணு. தீனி ஒண்ணு. தண்ணி ஒண்ணு. இடமும் ஒண்ணு. எல்லாத்தையும் கழிச்சா மிச்சம் நிக்கிறது உன் கைதான், முஸல்லம். என்ன செஞ்ச அதை?"

முஸல்லம் எந்தச் சோதனையைக் கெஞ்சிக் கேட்டு வாங்கினாரோ அதுவே அவர் கழுத்தைப் பிடித்தது. குட்டியை மாற்றியவன் என்ற பழி போய், குட்டியைக் கெடுத்தவன் என்ற பழி வந்தது. முதல் பழிக்காவது சோதனை என்று ஒன்று இருந்தது.

பூ கானிம் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, ஊர் ஆண்கள் முன்னால், மஜ்லிஸில் குர்ஆன்மேல் கைவைத்து முஸல்லம் சத்தியம் செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றுபோல வளர்த்தேன், ஒன்றுக்குச் செய்யாததை மற்றதற்குச் செய்யவில்லை என்று சொன்னால் போதும். அத்தோடு பேச்சு முடிந்துவிடும், பழையபடி இருக்கலாம். எங்கள் பக்கத்தில் சத்தியத்துக்கு அப்புறம் யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். சத்தியம் செய்யாவிட்டால் வேலை போகும், பண்ணை மூலையில் அவர் கொடுத்த வீடும் போகும். சத்தியத்துக்குப் பயந்தவன் என்று பேர் விழுந்தவனுக்கு எல்லை வரைக்கும் எந்தப் பட்டியிலும் ஒட்டகம் கொடுக்கமாட்டார்கள். முஸல்லத்துக்கு ஒட்டகத்தைத் தவிர வேறொன்றும் தெரியாது. கடைக்கு அனுப்பினால் வெங்காயத்துக்குப் பதில் பூண்டு வாங்கி வருவார்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. இந்த ஊரில் எதற்குத்தான் விதி என்று சொல்லமாட்டார்கள்? மழை பெய்யாவிட்டால் விதி. வண்டி கவிழ்ந்தால் விதி. பூ கானிமின் மூத்த பிள்ளை கானிம் படிப்பை விட்டுவிட்டு ராத்திரி பகல் மணல்மேட்டில் கார் ஏற்றித் திரிவதும் விதி. ஒட்டகம் திரும்பினால் மட்டும் முஸல்லம்.

"ஒரு வார்த்தைதானே, சொல்லிட்டு வந்துடுங்க" என்றேன். அன்று சாயங்காலம் அவர் பட்டிக்குள் போய் இரண்டு ஒட்டகத்துக்கும் நடுவில் மணலில் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவரை வீட்டுக்குள் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் எதில் வித்தியாசம் காட்டினோம் என்று தேடிக்கொண்டிருந்தார். முதல் நாள் நிழலை அளந்தார். மாலையில் ரீமின் பக்கம் வெயில் கொஞ்சம் கூடுதலாக விழுகிறதோ என்று சந்தேகம். அடுத்த நாள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். நஜ்லா பிறந்தபோது முதலில் தொட்டது தன் கை, ரீம் பிறந்தபோது தான் பள்ளிவாசலில் இருந்தது ஞாபகம் வந்து, அதையே ஒரு நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் போனதும் எந்தப் பெயரை முதலில் கூப்பிடுவேன் என்று என்னிடம் கேட்டார். எனக்கெப்படித் தெரியும் என்றேன். நஜ்லாவைத்தான், நஜ்லாவைத்தான் முதலில் கூப்பிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டார். தாடிக்குள் கன்னம் குழி விழுந்துவிட்டது. பேரீச்சம்பழத்தைக் கையில் கொடுத்தால் கையிலேயே வைத்துக்கொண்டிருப்பார், எறும்பு வரும்.

"பூ ஷம்ஸா, வெள்ளிக்கிழமை வருது" என்று மகள் பேரால் கூப்பிட்டுச் சொன்னேன். "நீங்க அதை அடிக்கல, பட்டினி போடல. உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கை வெச்சு சொல்லிடுங்க."

"அடிக்கலன்னு சொல்லச் சொன்னா இப்பவே சொல்வேன். ஒண்ணுபோல வளர்த்தேன்னு எப்படிச் சொல்ல? அல்லாஹ்வோட புத்தகம், ரய்யா. யாராலயாவது ரெண்டை ஒண்ணுபோல வளர்க்க முடியுமா?"

சொல்லிவிட்டுப் பிறகு பத்து ஏழைகளுக்குச் சோறு போட்டுப் பரிகாரம் செய்துகொள்ளலாம் என்றேன். நானே சமைக்கிறேன் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பொய்ச் சத்தியத்துக்குச் சோற்றால் பரிகாரம் இல்லை என்று எனக்கும் தெரியும்.

இரக்கம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வந்தது கோபம். அது அந்த வாரத்துக் கோபமில்லை, பழைய கோபம்.

எங்கள் மகள் ஷம்ஸாவுக்கு இடக்கை மணிக்கட்டோடு முடிந்துவிடும். பிறக்கும்போதே அப்படித்தான். இப்போது பதினாறு வயது. ஒரு கையாலும் பல்லாலும் முக்காட்டை அவள் கட்டுகிற வேகத்துக்கு இரண்டு கை இருக்கிறவர்கள் கட்டமுடியாது. அவள் பிறந்த அன்றைக்கு முஸல்லம் என்னைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, நீ என்ன செஞ்ச, ரய்யா என்று கேட்டார். கிரகணத்தன்று துணி வெட்டினாயா? எரிவாயு உருளையைத் தூக்கினாயே, அதுவா? என் தங்கை கொடுத்த அந்தக் கஷாயமா? ஒரு தடவை கேட்டு விட்டிருந்தால் மறந்திருப்பேன். வருஷக்கணக்காகக் கேட்டார். ரொட்டி சுடும்போது, பயணத்தில், நல்ல நாளில், நான் எதற்காவது சிரித்துக்கொண்டிருக்கும்போது, அதே மெல்லிய குரலில் கேட்பார். நானும் யோசித்து யோசித்து எதையாவது சொல்வேன். சொல்லாவிட்டால் மறைக்கிறேன் என்று ஆகிவிடுமே. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். மெதுவாகக் கேட்கிறவனிடம் எப்படிக் கத்துவது?

மகளைக் கண்ணில் வைத்துத்தான் வளர்த்தார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் சந்தைக்குக் கூட்டிப்போனால் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் நடப்பார். வலக்கையைத்தான் பிடிப்பார். அந்த இடக்கையை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை.

இப்போது அவர் மணலில் உட்கார்ந்து தன்னையே அந்தக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். நன்றாக வேண்டும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மறு நிமிஷமே, வீடு போனால் எதையெல்லாம் ஏற்ற வேண்டும் என்று சாமான்களை எண்ண ஆரம்பித்தேன்.

வியாழக்கிழமை ஷம்ஸாவை ஏற்றிக்கொண்டு பிக்கப்பை எடுத்து டாக்டர் அத்தாயிப்பிடம் போனேன். அவர் ஓர் ஆட்டின் வாய்க்குள் கையை விட்டிருந்தார். ரத்தமும் தீனியும் தவிர வேறு ஏதாவது உண்டா என்று நேராகவே கேட்டேன். உண்டு என்றார். கரு வளரும்போது உள்ளே கோடிக்கணக்கான சின்னச் சின்ன வேலைகள் நடக்கின்றன, ஒவ்வொன்றும் மயிரிழை இப்படியோ அப்படியோ விழும், யாரும் அதைப் பிடித்து வைக்க முடியாது, நஜ்லாவின் வெள்ளைத் திட்டு ரீமுக்கு இல்லாமல் போனதும் அப்படித்தான், மூளையிலும் அப்படித்தான் என்றார்.

"நீங்க ரொட்டி சுடுறீங்கல்ல, தங்கச்சி? ஒரே மாவு, ஒரே கல்லு, ஒரே கை. கருப்புப் புள்ளி ரெண்டு ரொட்டியில ஒரே இடத்துல விழுந்து பார்த்திருக்கீங்களா?"

"ரொட்டியை யாரும் குர்ஆன்மேல கை வைக்கச் சொல்றதில்ல, டாக்டர்" என்றேன்.

அவர் ஆட்டை விட்டுவிட்டுக் கை கழுவினார். இதையெல்லாம் பூ கானிமிடம் ஏற்கனவே சொல்லிவிட்டாராம். அந்த மூன்றாவது சங்கதிக்குப் பேர் என்ன என்று பூ கானிம் கேட்டாராம். பேரில்லை, தற்செயல் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். தற்செயலுக்கு நான் காசு கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் பூ கானிம் எழுந்து போய்விட்டாராம்.

கிளம்ப எழுந்தவள் நின்றேன். நான் கேட்க வந்தது இதுவல்ல என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஷம்ஸாவின் கையைத் தூக்கிக் காட்டி, இதுவும் அப்படித்தானா என்றேன். நான் மனுஷ டாக்டர் இல்லை என்று அவர் முதலில் தயங்கினார். பிறகு அந்தக் கையை வாங்கி, திருப்பிப் பார்த்தார். கருப்பையில் சில நேரம் ஒரு நூல் சுற்றிக்கொள்ளும், சில நேரம் ஒரு சின்ன ரத்தக்குழாய் அடைத்துக்கொள்ளும், நூற்றுக்குத் தொண்ணூறு காரணமே இருக்காது என்றார்.

"யாரும் எதுவும் செஞ்சதால இல்ல. நீங்க செஞ்சதால நிச்சயமா இல்ல" என்றார்.

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். சாவியைப் போட்டேன், திருகக் கை வரவில்லை. இவ்வளவு காலத்தில் இதை என்னிடம் சொன்ன முதல் ஆள் ஆட்டுக்கு மருந்து கொடுக்கிறவர். ஓவென்று அழுதேன். எங்கள் பெண்கள் முகத்தில் கட்டும் துணி முகமூடி நனைந்து கன்னத்தில் ஒட்டிக்கொண்டது.

ஷம்ஸா ஒரு டிஷ்யூவை உருவி என் மடியில் வைத்தாள். பிறகு, "அப்போ யார்மேலயும் தப்பில்லயா? அநியாயமா இருக்கே. என் கல்யாணத்துல நகை கம்மின்னு சண்டை போடும்போது உம்மாமேல இதைத்தான் தூக்கிப் போடணும்னு வெச்சிருந்தேன்" என்றாள். அழுகைக்கு நடுவில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனதும் பட்டிக்குள் போய் எல்லாவற்றையும் முஸல்லத்திடம் சொன்னேன். ரீமைப் பற்றிச் சொன்னேன். கையைப் பற்றியும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். தற்செயல் என்று ஒன்று கிடையாது, அல்லாஹ்வுக்குத் தெரியாமல் ஓர் இலைகூட உதிராது என்றார்.

"அவனுக்குத் தெரியுதுல்ல, அது போதாதா?" என்றேன். "உங்களுக்கு எதுக்குத் தெரியணும்?"

ரீம் கழுத்தைத் தாழ்த்தி அவர் தோளை மோந்தது. எந்த வெட்கமும் இல்லாத பிராணி. அதன் மூக்கைத் தள்ளிவிடக்கூட அவருக்குத் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை நானும் ஷம்ஸாவும் பூ கானிமின் வீட்டுப் பெண்கள் அறையில் உட்கார்ந்திருந்தோம். மஜ்லிஸுக்கும் அதற்கும் நடுவில் ஒரு கதவுதான், அதையும் பூ கானிமின் மனைவி விரலளவு திறந்து வைத்திருந்தாள். என் முன்னால் ஹல்வாவைத் தள்ளித் தள்ளி வைத்தாள். பாவம், அவளுக்கும் வேறென்ன செய்வது என்று தெரியவில்லை. என் நாத்தனாரும் வந்திருந்தாள், வராமல் இருப்பாளா? ஹல்வா முழுவதும் அவள்தான் தின்றாள்.

அந்தப் பக்கம் கோப்பைகளின் சத்தம் நின்றது. பூ கானிம் பிஸ்மில்லா சொல்லிப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். என்ன சொல்ல வேண்டும் என்பதை அவரே ஒரு தடவை சொல்லிக் காட்டினார். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று நான் உள்ளங்கையை நகத்தால் கீறிக்கொண்டிருந்தேன். சொல்லிவிட்டால் நாளைக்கு நான் அதே அடுப்பில் ரொட்டி சுடுவேன்.

"ஒண்ணுபோல வளர்த்தேன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது, பூ கானிம்" என்று முஸல்லத்தின் குரல் கேட்டது. "ஒண்ணுபோல வளர்க்கணும்னு நெனச்சேன். அதுக்கு வேணா கை வைக்கிறேன்."

"நெனப்பை நான் கேக்கல."

"தெரியும். ஒரு நாள் ரீமுக்கு முன்னாடி நஜ்லாவுக்குத் தண்ணி காட்டியிருப்பேன். ஒரு நாள் அது பேரை முன்னாடி கூப்பிட்டிருப்பேன். ரீம் பிறந்தப்போ நான் பக்கத்துல இல்ல. இதுல எது அதைத் திருப்பிச்சுன்னு எனக்குத் தெரியாது. ஒண்ணுமே இல்லாமலும் இருக்கலாம்."

"அப்போ ஒத்துக்கிற."

அறையில் யாரோ இருமினார்கள். முஸல்லம் எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் எழவில்லை. அவர் அடுத்துப் பேசியதைக் கேட்டு பூ கானிமின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்கள் கூடிய மஜ்லிஸில் யாரும் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பேசமாட்டார்கள். பேரைச் சொல்வது இருக்கட்டும், அவள் இருக்கிறாள் என்பதைக்கூடச் சொல்லமாட்டார்கள்.

"என் பொண்ணு ஒரு கை இல்லாம பிறந்தா. என்ன செஞ்ச, என்ன செஞ்சன்னு அவ உம்மாவை இத்தன வருஷமா கேட்டேன். அவளும் யோசிச்சு யோசிச்சு எதையாவது சொன்னா. இந்த ஒரு வாரமா நானும் அதையேதான் பண்றேன். அன்னிக்கு அவ முன்னாடி புத்தகத்தை வெச்சிருந்தா, அவளும் கை வெச்சிருக்க மாட்டா. அதனால அவ செஞ்சான்னு ஆயிடாது. நானும் அப்படித்தான்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சந்தோஷமில்லை, சத்தியமாகச் சந்தோஷமில்லை. இத்தனை வருஷம் ஒரே கூரையின்கீழ் இருந்தோம். என்னிடம் சொல்லியிருக்கக்கூடாதா? அடுப்படியில் வைத்து, என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கக்கூடாதா? ஊர் ஆண்கள் அத்தனை பேரின் முன்னால், எல்லாம் கையைவிட்டுப் போகிற நேரத்தில்தான் சொல்ல வேண்டுமா? எழுந்து கதவைத் தள்ளப் போனேன். ஷம்ஸா என் அபாயா அங்கியைப் பிடித்து உட்காரவைத்தாள்.

பூ கானிமின் குரலில் கோபம் இல்லை, ஒரு மனிதனுக்குக் கடைசியாகக் கொடுக்கிற மரியாதைதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் வீட்டைக் காலி செய்துவிடு, சாமான் ஏற்ற ஆள் அனுப்புகிறேன் என்றார். ரீமைப் பால்மந்தையோடு தெற்கே ஓட்டிவிடச் சொன்னார். ஜப்பாராவின் தோல் இன்னும் ஆய்வுக்கூடத்தில் இருக்கிறது, மூன்றாவது நகலுக்குச் சொல்லிவிட்டேன், இந்தத் தடவை வேறு கை பார்க்கும் என்றும் சொன்னார். அந்த வேறு கைக்காரன் யார் என்று எனக்குத் தெரியாது. அவன் மனைவியை நினைத்துத்தான் பரிதாபப்பட்டேன்.

சாமான்கள் ஒரே பிக்கப்பில் அடங்கிவிட்டன. எங்கே போவது என்பதற்கு என் தம்பியின் ஆட்டுப்பட்டியைத் தவிர வேறு பதில் இல்லை. அங்கே எத்தனை நாள் என்று அவன் மனைவி கேட்பாள். கேட்காவிட்டாலும் முகத்தில் எழுதி ஒட்டியிருப்பாள். முஸல்லம் சாவியை என்னிடம் நீட்டினார், நான்தான் ஓட்டினேன். அவர் பக்கத்தில், ஷம்ஸா பின்னிருக்கையில், பாத்திரங்களுக்கு நடுவில். பட்டியைத் தாண்டும்போது ரீம் வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி எங்களோடு கூடவே மூலை வரைக்கும் ஓடி வந்தது. நேராக ஓடி வந்தது, கழுதை. அன்றைக்கு இப்படி ஓடியிருந்தால் என்ன?

தார்ச்சாலை முடிந்தது. மண்பாதையில் இறங்கியதும் முஸல்லம் ஆரம்பித்தார். முன்னால் பார்த்தபடி, மெதுவாக, அதே பழைய குரலில்.

"ரய்யா, அந்த முதல் குளிர்ல கம்பளியை நான் யாருக்கு முதல்ல போர்த்தினேன்? நஜ்லாவுக்கா? உனக்கு ஞாபகம் இருக்கா?"

நான் வண்டியை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் இறங்கி நடந்தே போயிருப்பேன். இவர் செத்தாலும் கேட்டுக்கொண்டே சாவார், நானும் இதைக் கேட்டுக்கொண்டே கிழவியாவேன் என்று தெரிந்துவிட்டது. டாக்டர் சொன்னது, மஜ்லிஸில் இவரே சொன்னது, எதுவும் இவருக்கு உள்ளே இறங்கவில்லை. இறங்காது.

"சொல்லு, ரய்யா. ஒருவேளை அதுதானோ?"

அப்போது ஷம்ஸா பின்னாலிருந்து எங்கள் இருவருக்கும் நடுவில் தன் இடக்கையை நீட்டினாள். சட்டைக்கையை மேலே இழுத்துவிட்டிருந்தாள். மொட்டை மணிக்கட்டு அவர் முகத்துக்குப் பக்கத்தில் நின்றது.

"இதைப் பிடிங்க, வாப்பா" என்றாள். "பிடிச்சுக்கிட்டு, தெரியலன்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

அவர் பார்த்தார். வண்டி குலுங்கியதில் அந்தக் கை அவர் தாடியில் இடித்தது. பாதை மோசம், நான் கியரைக் குறைக்க வேண்டியிருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். முதலில் ஒரு விரலால் தொட்டார். பிறகு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், விட்டால் விழுந்துவிடும் என்பதுபோல. தோள் குலுங்கியது.

"தெரியல" என்றார். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை, "தெரியல, மா" என்றார்.

அவரை நான் மன்னித்தேன் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு என்னிடம் அதற்கு இடமில்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குத்தான் பதினாறு வருஷம் காத்திருந்தேன். வீடு போய், பேர் போய், மண்பாதையில் வந்து சேர்ந்தது.